ரிசப்டர் இருக்கிறது, எனவே கஞ்சா மருந்தா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.பார்ம் படிக்கிற மாணவன். பதிவு கொஞ்சம் நீளம், டீயோடு உட்காரவும்.

ஊர் கோம்பை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்பார். "கோம்பை நாய்க்குட்டி கிடைக்குமா?" என்பது முதல் கேள்வி. அதைச் சத்தமாகக் கேட்பார்கள். இரண்டாவதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கம்பம் பள்ளத்தாக்குக்காரன் என்றால் பைக்குள் பொட்டலம் இருக்கும் என்று எவனோ சினிமாவில் சொல்லிவைத்ததை இன்னும் நம்புகிற கூட்டம். இது பழகிவிட்டது, விடுங்கள்.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்புகிறார்கள். "கல்லீரல் நோயால் வரும் சிறுநீரகச் செயலிழப்புக்கு கன்னாபினாய்டு ரிசப்டர்கள் சிகிச்சை இலக்கு என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். எனவே கஞ்சாவைக் கஷாயமாகக் காய்ச்சி..." என்று போகிறது வாட்ஸ்அப் செய்தி. வகுப்பு குரூப்பில் ஒருவன் போட்டான். ஊர் குரூப்பிலும் வந்தது. கடைசியில் சித்தர்கள் அன்றே சொன்னார்கள் என்று ஒரு வரி, நாலு கைகூப்பும் பொம்மைகள்.

அந்தச் செய்தியின் முதல் வாக்கியம் கிட்டத்தட்ட சரி. பொய் முழுவதும் அந்த "எனவே"க்குள் இருக்கிறது. இந்தப் பதிவு அந்த ஒரு சொல்லோடுதான் சண்டை போடப்போகிறது.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு கோபம்? ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் நிஜமாகவே கல்லீரல் சுருங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள். 2003 இறுதியில் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த பசங்கள் இப்போது நாற்பதை நெருங்குகிறார்கள். விடியும் முன் ஜீப்பில் ஏறி கேரள ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டியபின் இறங்கி, நேரே கடைக்குப் போனவர்கள். எங்கள் தெருவிலேயே ஒரு அண்ணன். கண் மஞ்சளானது, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். வயிறு பானை மாதிரி வந்தது, கால் வீங்கியது. முட்டி வலிக்கிறது என்று வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் மதினி சொன்னார்கள், "ரெண்டு நாளா ஒண்ணுக்கே சரியாப் போகலப்பா." அவரை வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இதே மாதிரி ஒரு யோசனையோடு வந்து நின்றார். நல்ல மனுஷன்தான். யோசனைதான் கொலைகாரத்தனமானது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கல்லீரல் கெட்டால் சிறுநீரகம் ஏன் படுக்கிறது?

கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் (இதுதான் சிரோசிஸ்) குடலிலிருந்து ரத்தம் கொண்டுவருகிற போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும். குடல் பகுதி ரத்தக் குழாய்கள் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருட்களின் தூண்டுதலால் அகலமாக விரிந்துவிடும். உடம்பில் இருக்கிற ரத்தத்தில் பெரும்பங்கு அங்கே போய்த் தேங்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வதானால், தலைமடையில் வாய்க்காலை அகலமாக வெட்டிவிட்டான், கடைமடைக்குத் தண்ணீர் இல்லை. அழுத்தம் குறைந்ததைப் பார்த்து உடம்பு பதறி, குழாய்களைச் சுருக்குகிற ஹார்மோன்களையெல்லாம் அவிழ்த்துவிடும். அதில் சிறுநீரகத்துக்குப் போகிற குழாய்கள் இறுகிச் சுருங்கிவிடும். சிறுநீர் குறையும், கிரியாட்டினின் ஏறும். இதற்குப் பெயர் ஹெப்படோரீனல் சின்ட்ரோம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சிறுநீரகத்தில் பெரிதாகப் பழுது எதுவும் இருக்காது. 1969ல் அமெரிக்க மருத்துவர்கள் இந்த நோயால் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எடுத்து வேறு நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். வேலை செய்தது! சொந்த உடம்பில் படுத்துவிட்ட சிறுநீரகம் அடுத்தவன் உடம்பில் எழுந்து உட்கார்ந்தது. இந்த நோயைப் பற்றி நான் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கிய தகவல் இதுதான். எடுத்து வேறிடத்தில் வைத்தால் பிழைக்கிற உறுப்பு, இருக்கிற இடத்தில் நீர்வரத்து இல்லாமல் சாகிறது. வேகமாக வருகிற வகையில், சிகிச்சை இல்லாவிட்டால், ஆள் தாங்குவது வாரக் கணக்கில்தான்.

இப்போது ரிசப்டர். தமிழில் ஏற்பி. செல்லின் மேல் இருக்கிற பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சாவில் போதை தருகிற டிஹெச்சி என்ற பொருளை 1964ல் இஸ்ரேலில் மெக்கூலமும் காவோனியும் பிரித்தெடுத்துக் கட்டமைப்பைச் சொன்னார்கள். அது எந்தப் பூட்டில் நுழைகிறது என்பது 1990ல் தெரிந்தது, சிபி1. 1993ல் இரண்டாவது, சிபி2. முதலாவது மூளையில் மண்டிக்கிடக்கிறது, இரண்டாவது பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில். நம் உடம்பில் கஞ்சாவுக்கென்று பூட்டு எதற்கு? கஞ்சாவுக்காக இல்லை. நம் உடம்பே தயாரிக்கிற சாவி இருக்கிறது. 1992ல் பன்றி மூளையிலிருந்து அதைக் கண்டுபிடித்து, ஆனந்தம் என்ற சமஸ்கிருதச் சொல்லை ஒட்டி ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். (பெயர் வைத்ததோடு ஆனந்தம் முடிந்தது. மேலே படியுங்கள்.)

2001ல் நேச்சர் மெடிசின் இதழில் பாட்காய், கூனோஸ் குழுவின் கட்டுரை வந்தது. வாட்ஸ்அப் விஞ்ஞானிகள் தலைப்போடு நிறுத்திக்கொள்கிற ஆராய்ச்சிகளுக்கெல்லாம் இதுதான் அப்பன். சிரோசிஸ் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து மோனோசைட் என்ற வெள்ளையணுக்களை எடுத்து ஆரோக்கியமான எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளின் ரத்த அழுத்தம் இறங்கியது. அந்த அணுக்களில் ஆனந்தமைடு அதிகமாக இருந்தது. பிறகு சிரோசிஸ் வந்த எலிகளுக்கு சிபி1 பூட்டை அடைக்கிற ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். இறங்கிக்கிடந்த அழுத்தம் ஏறியது, குடல் பகுதியில் தேங்கிய ரத்த ஓட்டம் குறைந்தது, போர்ட்டல் அழுத்தமும் குறைந்தது.

இன்னொரு முறை படியுங்கள். அடைக்கிற மருந்து.

அதாவது இந்த நோயில் சிபி1 ஏற்கனவே அளவுக்கு மீறித் திறந்துகிடக்கிறது. வாய்க்காலை அகலமாக வெட்டுகிற கைகளில் அதுவும் ஒன்று. ஆராய்ச்சிக்காரர்கள் அதை மூடப் பார்க்கிறார்கள். கஞ்சா செய்வது என்ன? அதைத் திறப்பது. டிஹெச்சி சிபி1ஐத் தூண்டுகிற பொருள். "சிபி1 சிகிச்சை இலக்கு" என்பதைக் கேட்டு கஞ்சா கொடுப்பது, வீடு எரிகிறது, தீ தான் இலக்கு என்று சொன்னவுடன் மண்ணெண்ணெய்க் கேனோடு ஓடிவருவது மாதிரி. இலக்கு என்றால் தாக்க வேண்டிய இடம் ஐயா, தடவிக்கொடுக்க வேண்டிய இடம் இல்லை.

2006ல் அதே இதழில் பிரான்ஸிலிருந்து இன்னொன்று. சிபி1 இல்லாமல் பிறக்கவைத்த எலிகளுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக வந்தது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் அதற்கு முந்தைய வருடம் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 270 பேரைப் பார்த்து, தினமும் கஞ்சா புகைத்தவர்களிடம் தழும்பேற்றம் அதிகம் என்று எழுதியிருந்தார்கள். நேர்மையாகச் சொல்ல வேண்டும், பின்னால் வந்த சில ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. மனிதரிடம் பார்க்கிற ஆய்வுகள் இப்படித்தான் முன்பின் இழுக்கும். ஆனால் கஞ்சா சிரோசிஸ்காரரின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது என்று எந்த மருத்துவச் சோதனையும் காட்டியதில்லை.

இதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும், எனக்குத் தெரியும். "மாப்ள, சிபி2 என்ன ஆச்சு? அதைத் தூண்டினா நல்லதுதானே?" நல்ல கேள்வி, இந்தக் கூட்டத்திலேயே படித்தவன் கேட்கிற கேள்வி. ஆமாம், எலிகளில் சிபி2ஐத் தூண்டினால் அழற்சி குறைகிறது, கல்லீரல் தழும்பு குறைகிறது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் சிறுநீரகம் கெட்ட எலிகளில் 2010ல் பார்த்தபோதும் இதே கதை: சிபி1ஐ அடைத்தாலும் நல்லது, சிபி2ஐத் தூண்டினாலும் நல்லது. ஆனால் புகைக்கோ கஷாயத்துக்கோ ஒன்று, இரண்டு என்று எண்ணத் தெரியாது. டிஹெச்சி இரண்டிலும் நுழையும். ஒரு கையால் அணைத்து மறு கையால் ஊற்றுகிற ஆளைத் தீயணைப்பு வேலைக்கு எடுப்பார்களா? இந்த எலிச் சோதனைகளில் சிபி2ஐத் தூண்டப் பயன்படுத்திய பொருட்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டவை.

"அப்போ சிபிடி?" என்று அடுத்தவன். போதை இல்லாத கஞ்சாப் பொருள், ஆன்லைனில் எண்ணெயாக விற்கிறார்களே, அது. வலிப்பு நோய்க்கு அதை எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்கா 2018ல் அனுமதித்தது. அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே கல்லீரல் என்சைம்கள் ஏறலாம், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடு, கல்லீரல் கெட்டவருக்கு அளவைக் குறை என்று போட்டிருக்கிறது. தூய்மையாக எடுத்து, அளந்து, டாக்டர் கண்முன் கொடுக்கிற சரக்குக்கே இந்த எச்சரிக்கை.

சித்தர்கள் விஷயத்துக்கும் வந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்குத் தனியாகத் திட்டு விழும். சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டு. மறுக்கவில்லை. சுத்தி செய்து, மற்ற சரக்குகளோடு சேர்த்து, அளவு பார்த்து, பட்டம் பெற்ற சித்த மருத்துவர் கையாள வேண்டிய பொருள் அது. சுருளி மலையில் மூலிகை இருக்கிறது என்பதற்காக சுருளியில் பஸ் ஏறினவனெல்லாம் சித்தன் ஆகிவிட மாட்டான். ஒன்று கேட்கிறேன். சித்தர்கள் பெயரைச் சொல்லி ஃபார்வர்டு செய்கிறவர்கள், நம்புவதற்கு மட்டும் ஏன் வெள்ளைக்காரன் எலி ஆராய்ச்சியின் தலைப்பைத் தேடிப் போகிறார்கள்? சித்தர் வாக்கு போதாதா? இரண்டு பக்கமும் மரியாதை இல்லாத வேலை இது.

அடுத்து, சிபி1ஐ அடைக்கிற மருந்து நிஜமாகவே கடைக்கு வந்த கதை. ரிமோனபாண்ட். எலிகளில் ரத்த அழுத்தத்தை ஏற்றியது என்றேனே, அதே மருந்து. சனோஃபி அவென்டிஸ் அதை உடல் பருமனுக்கு விற்க 2006ல் ஐரோப்பாவில் அனுமதி வாங்கியது. எடை குறைந்தது உண்மை. ஆனால் சிபி1 மூளையில்தானே அதிகம்? உடம்பின் ஆனந்தப் பூட்டை அடைத்தால் என்ன ஆகும் என்று ரூம் போட்டு யோசிக்க வேண்டியதில்லை. மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம். அமெரிக்க நிபுணர் குழு 2007ல் ஒருமனதாக வேண்டாம் என்றது. 2008ல் ஐரோப்பாவில் நிறுத்தினார்கள். நம் நாட்டில் அதற்குள் கம்பெனிகள் சொந்தப் பெயர்களில் விற்கத் தொடங்கியிருந்தன. 2009 டிசம்பரில் இங்கும் தடை. குடியை நிறுத்திப் போராடுகிற ஒரு சிரோசிஸ்காரருக்கு, ஏற்கனவே மனசு உடைந்து கிடப்பவருக்கு, இதைக் கொடுத்திருந்தால்? நினைக்கவே வயிறு கலங்குகிறது.

அதற்குப் பிறகு மூளைக்குள் அதிகம் போகாத அடைப்பான்களைத் தேடினார்கள். அப்படி ஒன்றை, மான்லுனபாண்ட் என்று பெயர், வைத்திருந்த கம்பெனியை 2023ல் நோவோ நார்டிஸ்க் 100 கோடி டாலருக்கு மேல் பேசி வாங்கியது. 2024 செப்டம்பரில் பருமன் நோயாளிகளிடம் செய்த சோதனை முடிவு வந்தது. எடை குறைந்தது, மனநலப் பக்கவிளைவுகளும் வந்தன, அளவு கூடக் கூட. பூட்டு அவ்வளவு சுலபத்தில் ஏமாறுவதில்லை. இன்னொரு பக்கம், ஆனந்தமைடு சிதையாமல் தடுத்து அதைக் கூட்டப் பார்த்த ஒரு மருந்தின் சோதனையில் 2016 ஜனவரியில் பிரான்ஸின் ரென் நகரில் ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவர் இறந்தே போனார். அமெரிக்காவில் 2012ல் செயற்கைக் கஞ்சாப் புகை பிடித்த 16 பேருக்கு, முன்பு சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு, திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. இதையெல்லாம் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. கைகூப்பும் பொம்மை போட இடமில்லை போல.

நிற்க. கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதும் இவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டிருந்த ஒழுக்கசீலர்களே, இனி உங்கள் முறை.

"கன்னாபினாய்டு" என்று செமினாருக்குத் தலைப்புக் கொடுத்தால் "வேற டாபிக் எடுப்பா, பேரே சரியில்லை" என்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேனிப் பையன் என்றதும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். 1985ஆம் வருடச் சட்டமே மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் வழி விட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தபோது 27க்கு 25 என்று தீர்மானம் நிறைவேறியது. இந்தியா எடுக்கலாம் என்று ஓட்டுப் போட்டது. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமே அனுமதியோடு செடி வளர்த்து மருந்து ஆராய்ச்சி செய்கிறது. இங்கே நமக்கு 'கஞ்சா வேட்டை 2.0', '3.0' என்று போலீஸ் நடவடிக்கைக்கு மட்டும்தான் எண் ஏறுகிறது. பிடிக்கட்டும், பள்ளிக்கூட வாசலில் விற்கிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் சிபி1 அடைப்பானை ஆராய்வதற்குக் கஞ்சா ஒரு கிராம்கூட வேண்டாம். அது கஞ்சாவுக்கு எதிர்ச் சரக்கு! இரு தரப்புக்கும் ஒரே நோய்தான்: சொல்லைப் படிப்பார்கள், வாக்கியத்தைப் படிக்க மாட்டார்கள்.

புது மருந்து தேவையே இல்லை என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். தேவை இருக்கிறது. இன்றைக்குக் கையில் இருப்பது டெர்லிப்ரெசின், கூடவே ஆல்புமின். குடல் பக்கக் குழாய்களைச் சுருக்கி ரத்தத்தைத் திருப்பிவிடுகிற மருந்து, வாய்க்காலை அடைக்கிற அதே வேலை. நம் நாட்டில் பல வருடமாகப் பயன்பாட்டில் இருக்கிறது, அமெரிக்கா 2022ல்தான் அனுமதித்தது. அந்த அனுமதிக்கு அடிப்படையான சோதனையில் 300 பேர். மருந்து கொடுத்தவர்களில் 32 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் மீண்டது, கொடுக்காதவர்களில் 17 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 90 நாளில் இறந்தவர்கள் மருந்துப் பக்கம் 51, மறுபக்கம் 45 சதவீதம். மூச்சுத் திணறல் சாவுகள் மருந்துப் பக்கம் அதிகம். அதாவது சிறந்த மருந்தே பாதிப் பேரைக் காப்பாற்றவில்லை. நிரந்தரத் தீர்வு மாற்றுக் கல்லீரல், அதற்கு வரிசை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஆல்புமின் முதல் ஓரிரு நாள் கிலோவுக்கு ஒரு கிராம் என்பது கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 60 கிராம். 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று பாட்டில், ஒன்றின் விலை ஆயிரங்களில். ஏலத்தோட்டக் கூலிக்காரர் வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், கஷாயக்காரன் ஏன் ஜெயிக்கிறான் என்று புரியும். டெல்லி மருத்துவர்கள் 2008லேயே 40 நோயாளிகளிடம் விலை குறைந்த நார்அட்ரீனலினை டெர்லிப்ரெசினோடு ஒப்பிட்டு, பலன் ஏறக்குறைய சமம் என்று காட்டினார்கள். பின்னர் 2020ல் அதே டெல்லியில், இன்னும் முற்றிய நோயாளிகளிடம், டெர்லிப்ரெசின்தான் மேல் என்று வந்தது. எனக்கு இந்த மாதிரி ஆராய்ச்சிதான் ஆராய்ச்சி. பிழைக்கிறவன் எவ்வளவு பேர், பாக்கெட் எவ்வளவு காலி என்று இரண்டையும் எண்ணுகிறார்கள்.

எங்கள் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ரிவ்யூ கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் "நம்பிக்கையளிக்கும் இலக்கு" என்று ஒரு சொற்றொடர் வரும். அதை அப்படியே செமினார் ஸ்லைடில் ஒட்டாதீர்கள். எந்தத் திசையில் நம்பிக்கை? எலியிலா, ஆளிலா? அடைக்கவா, திறக்கவா? 2001லிருந்து நம்பிக்கையளித்துக்கொண்டே இருக்கிறது, இந்த நோய்க்கென்று இந்தப் பூட்டுக்கு ஒப்புதல் பெற்ற ஒரு மருந்துகூட வரவில்லை. வராது என்று சொல்லவில்லை. வரும்வரை அதன் பெயரில் கஷாயம் விற்காதீர்கள் என்கிறேன்.

நம் ஊரில் இந்த நோயை வரவழைக்கிற சில்லறைக் காரணங்கள் கண்முன்னே கிடக்கின்றன. வயிற்றில் நீர் கோத்தவருக்கு டிக்ளோஃபினாக், இபுபுரூஃபன் கொடுப்பது. சுருங்கத் துடிக்கிற சிறுநீரகக் குழாயைக் கொஞ்சமாவது திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள், வலி மாத்திரை அதைத்தான் நிறுத்துகிறது. வயிற்று நீரில் கிருமித் தொற்று வந்து காய்ச்சலும் வலியும் இருக்கும்போது "சூட்டு வயிறு" என்று இரண்டு நாள் தள்ளிப்போடுவது. நீர் மாத்திரையை இஷ்டத்துக்குக் கூட்டிக்கொள்வது. லிட்டர் கணக்கில் நீரை எடுத்துவிட்டு ஆல்புமின் ஏற்றாமல் அனுப்பிவிடுவது. குடியைத் தொடர்வது, சொல்லவே வேண்டாம். இதில் எதற்கும் ரிசப்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எனவே (என்னுடைய எனவே இது), அந்தச் செய்தியை அனுப்பிய நண்பா, முதல் வாக்கியத்தை வைத்துக்கொள், பிழையில்லை. கஷாயத்தை அழித்துவிடு. அந்த இடத்தில் இதைப் போடு: "கல்லீரல் கெட்டு வயிறு வீங்கியவருக்கு டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை தராதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கே உத்தமபாளையமோ, கம்பமோ, க.விலக்கு மெடிக்கல் காலேஜோ, எது பக்கமோ அங்கே கொண்டுபோங்கள்." பொம்மை வேண்டுமானால் போட்டுக்கொள் :)